நாலெழுத்துக் குளிசை

டோர்ட்மண்ட்
11.02.2024

அன்புள்ள தங்கை பவளத்துக்கு,

முழங்கால் உளைவையும் காதையும் கழித்துவிட்டால் இங்கே நான் சுகம். அங்கே நீயும் மகள் யதுசாவும் சுகமாய் இருக்கவேண்டும். வழக்கம்போல எழுதுவது மேல்மாடி ஜசிந்தா. அவவின் மனிசன் கிறிஸ்ரியன் கோப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சிவா அண்ணை, அமெரிக்காவுக்கு எழுதேக்கை நான் உங்களைச் சீட்டிலை வெண்டதையும் ஒருக்கா எழுதிவிடுங்கோ" என்கிறான். எழுதமாட்டேன். போன ஐப்பசி பதினாலுக்குப் பிறகு முந்நூற்று நாலு சீட்டாட்டத்தில் அவன் ஒருநாளும் வென்றதில்லை.

நீ தை மாதம் அனுப்பிய பொதி கிடைத்தது. போத்தல்கள் உடையாமல் வந்தன. (ஜசிந்தா பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறா. எழுது பிள்ளை என்கிறேன்.) அந்த நாலெழுத்துக் குளிசையை விழுங்கித்தான் மூன்று மாடியும் ஏறுகிறேன். போத்தலில் இருக்கிற அந்த நாலு பெரிய எழுத்தும்தான் எனக்குப் பார்த்தவுடன் தெரிகிற இங்கிலீஷ்.

நல்ல சேதி ஒன்று. என் பிரசாவுரிமை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார்கள். வயதையும் காதையும் பார்த்துப் பரீட்சையும் இல்லை. இலையுதிர் காலத்துக்குள் ஜேர்மன் பாஸ்போட் வரும் என்று கந்தோரில் இருந்த பெண் சொன்னா. இந்த அகதிப் பயணப் புத்தகத்தைக் காட்டி அமெரிக்க விசா கேட்டு இரண்டு முறை திரும்பியவன் நான்: 2009 வைகாசி பன்னிரண்டு, 2014 ஆனி மூன்று. இனி ஒருவரையும் கெஞ்சத் தேவையில்லை.

பவளம், 1993இல் நான் இங்கே பேசிவைத்த மாப்பிள்ளையை நீ வேண்டாமென்று, உனக்குப் பிடித்தவரைக் கட்டினாய். அன்றைக்குப் போனில் நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். நானும் மறக்கவில்லை. "நான் வா எண்டு கூப்பிடுமட்டும் என்ரை படி மிதியாதை." அந்தச் சொல்லைக் கடிதத்தில் அழிக்க எனக்கு மனமில்லை. அடுத்தவர் கையால் எழுதுகிற மன்னிப்பு என்ன மன்னிப்பு? சொன்ன வாயோடு நானே உன் படிக்கு வருவேன். அதற்குத்தான் இந்தப் பாஸ்போட்.

கடைசியாக, நீ கேட்டிருந்ததற்குப் பதில்: வேண்டாம். கோவியாதே, காரணமும் கேளாதே. ஒரு சொல்லில் சொல்கிறேன், வேண்டாம்.

சாப்பாட்டைக் கவனி.

உன் அண்ணன்
சிவகுருநாதன்
(எழுதிய கை: ஜசிந்தா)


எடிசன், நியூ ஜேர்சி
03.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

யதுசா சுகமாக இருக்கிறாள். உங்கள் கால் உளைவுக்கு இரவில் உப்புத் தண்ணீர் ஒத்தடம் கொடுங்கோ.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நீங்கள் காரணம் கேளாதே என்றபடியால் கேட்கவில்லை. இனி அந்தப் பேச்சை எடுக்கவும் மாட்டேன். என்னை நினைத்து நீங்கள் மனம் சங்கடப்பட வேண்டாம்.

பாஸ்போட் கெதியாய் வரட்டும். இங்கே இன்னும் பனி கொட்டுகிறது. ஜசிந்தாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கோ. அவவின் எழுத்து எப்போதும் வடிவு.

தங்கை
பவளம்


டோர்ட்மண்ட்
20.04.2024

அன்புள்ள பவளம்,

நான் சுகம் என்றுதான் தொடங்கவேண்டும், அதனால் சுகம். நீ எப்படி? போன கடிதத்தில் யதுசாவின் சுகத்தைச் சொன்னாய், உன்னுடையதை விட்டுவிட்டாய். இருபத்தொரு வருடமாக நீ எழுதுகிற கடிதங்கள் "நானும் பிள்ளையும் சுகம்" என்றுதான் தொடங்கும். அடுத்ததில் சரியாக எழுது.

ஒரு கரைச்சல் வந்திருக்கிறது. பயப்படாதே. பங்குனி பத்தொன்பதாம் திகதி காலை ஆறேகாலுக்குச் சுங்கக்காரர் நாலு பேர் கதவைத் தட்டினார்கள். ஒருத்தி சப்பாத்துக்கு மேல் நீல உறை போட்டுக்கொண்டு உள்ளே வந்தா. மரியாதைக்காரி என்று நினைத்து அவவுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். அவவோ உன் குளிசைப் போத்தல் ஏழையும், உன் கடிதங்கள் இருந்த சப்பாத்துப் பெட்டியையும் எடுத்துப் பைக்குள் போட்டா. நாற்பத்தொரு கடிதம். குளிசை எப்போது எப்போது வந்ததென்று அதிலே பார்ப்பார்களாம்.

அந்தக் குளிசை இங்கே சத்துக் குளிசை இல்லையாம். அது ஹோர்மோனாம், ஸ்ரெரோயிட் பட்டியலில் இருக்கிறதாம். வைத்தியரின் துண்டில்லாமல் எடுப்பிப்பது பிழை, ஒரு அளவுக்கு மேல் வைத்திருந்தால் குற்றம். நீ கடையில் வைற்றமின் தட்டிலிருந்து எடுக்கிற சாமான், பிளேனால் இறங்கும்போது வேறு சாமானாகிவிடுகிறது.

சித்திரை நாலாம் திகதி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஸ்ரீநிவாஸ் என்று சென்னைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று வந்திருந்தது, நல்ல பணிவு.

"சார், இந்த மாத்திரைய வேற யாருக்காவது குடுத்தீங்களான்னு கேக்கிறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்ததைத் தனிய வைத்துத் தின்கிறவர்களா நாங்கள்? "குடுக்காமல், தம்பி? எழுதச் சொல்லுங்கோ" என்று, 2018 ஆவணியில் வந்த முதல் பொதியிலிருந்து வரிசையாகச் சொன்னேன். கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற மனிசிக்கு இரண்டு, அங்கே வருகிற முகுந்தின் தாய்க்கு ஒன்று, அவவின் தமக்கைக்கு ஒன்று. நாள், கிழமை எல்லாம் சொன்னேன். அந்த நீல உறைப் பெண் பேனையை வைத்துவிட்டு, இப்படி ஞாபகமுள்ள மனிதரைத் தான் கண்டதில்லை என்றா. நாலெழுத்துத் தெரியாதவனை ஒரு அரசாங்க உத்தியோகத்தர் மெச்சுகிறா. எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததை மறைப்பானேன்?

"கிறிஸ்ரியனுக்கும் ஒரு போத்தல் குடுத்தனான். ஆனால் அது விளையாட்டுக்கு."

"எந்த வெளையாட்டு சார்?"

"முந்நூற்று நாலு" என்றேன். அன்றைக்கு அவன் நாலு ஆட்டம் தோற்றுப்போய் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான். "இந்தா, இதை விழுங்கு, அப்பவாவது கை விளங்குதோ பாப்பம்" என்று பகிடிக்குக் கொடுத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளை தலையாட்டிவிட்டு ஜேர்மனில் சொல்லிவிட்டது. அந்தப் பெண் எழுதினா. முடிவில் வாசித்துக் காட்டினார்கள். பாதி காதில் விழவில்லை. பெருவிரலை வைத்தேன்.

இதெல்லாம் ஒரு மாதத்தில் முடியும். பாஸ்போட் வந்ததும் முதல் பிளேன் எனக்கு. நீ அங்கேயே இரு, அசையாதே. நான் வருவேன்.

உன் அண்ணன்
சிவகுருநாதன்
(எழுதிய கை: ஜசிந்தா. பவளம் அக்கா, அண்ணை சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.)


எடிசன்
05.05.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த நேரத்திலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. எல்லாம் என்னால் வந்தது. அந்தக் குளிசையை எனக்கு இங்கத்தை வைத்தியர் எடுக்கச் சொன்னவர். எனக்கு உசார் தந்தது, அண்ணைக்கும் தரட்டும் என்றுதான் அனுப்பினேன். இத்துடன் இங்கிலீஷில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வாங்கினதும் அனுப்பினதும் நானே, அண்ணைக்கு அது என்னவென்று தெரியாது என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உங்கள் வக்கீலிடம் கொடுங்கோ. பிழை முழுவதையும் என் தலையில் போடுங்கோ. எனக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அசையாதே என்று எழுதியிருந்தீர்கள். அசையமாட்டேன், அண்ணை. நீங்கள் சொன்ன சொல்லுக்கு மேலால் நான் ஒரு தரம்தான் போனேன், அது 1993இல்.

பாஸ்போட் இந்த மாதத்துக்குள் வர ஏதும் வழி இருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.

தங்கை
பவளம்


எடிசன்
30.06.2024

அன்புள்ள அண்ணைக்கு,

எட்டுக் கிழமையாகப் பதில் இல்லை. பெட்டியில் விழுவதெல்லாம் விளம்பரத் தாள்கள். உங்களுக்கு ஏதும் சுகயீனமா? அல்லது என் கடிதத்தில் பிழையாக ஏதும் எழுதிவிட்டேனா? ஒரு வரி போதும்.

எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னியுங்கோ. பேனை சரியில்லை.

பவளம்


டோர்ட்மண்ட்
14.07.2024

அன்பின் பவளம் அக்காவுக்கு,

ஆண்டவர் உங்களைச் சுகத்தோடு வைத்திருக்க மன்றாடுகிறேன். இது நான், ஜசிந்தா. இவ்வளவு காலம் அண்ணையின் வாயாக எழுதியவள் இன்றைக்கு என் வாயால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் இரண்டும் வந்தன. அண்ணை ஒவ்வொரு ஞாயிறும் தாளும் பேனையுமாக மேலே வந்து மணியடித்தவர். நான் திறக்கவில்லை. எட்டு ஞாயிறு. கதவுக்கு உள்ளே நின்று அவர் படியிறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வைகாசி நடுவில் என் மனிசனுக்கும் சுங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சிவகுருநாதன் என்பவர் இவருக்கு விளையாட்டுக்கென்று முந்நூற்று நாலு ஸ்ரெரோயிட் குளிசை கொடுத்தாராம். இவர் பதினாறு வருடமாகச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்குகிறவர், உங்களுக்குத் தெரியும். கழகத்துக்கும் விசாரித்து எழுதினார்கள். அடுத்த சனிக்கிழமை மைதானத்துப் பூட்டின் திறப்பைத் திருப்பிக் கேட்டார்கள். நிசாந்தின் தகப்பன், இவரிடம் பழகித்தான் மகன் மாவட்ட அணிக்குப் போனவன், அந்த மனிசன் றோட்டில் கண்டு, "பிள்ளையளுக்கு என்ன தீத்தினனீ?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து இவர் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். அந்தப் போத்தலை நாங்கள் திறந்ததுகூட இல்லை, அக்கா. சமையலறைத் தட்டில் மாபேணிக்குப் பின்னால் கிடந்தது.

நேற்றுத்தான் இவர், "மனுசன் காது கேளாமல் சொன்னதுக்கு நீ ஏன் பேனையைப் பூட்டி வைச்சிருக்கிறாய்? போய் எழுதிக் குடு" என்றார். ஆனால் தான் வந்து கதைக்கவில்லை. சீட்டுக்கட்டையும் எறிந்துவிட்டார்.

உங்களைக் காக்கவைத்ததற்கு என்னை மன்னியுங்கோ.

ஜசிந்தா


டோர்ட்மண்ட்
14.07.2024

அன்புள்ள பவளம்,

என் சுகத்தை விடு. உன் சுகத்தை எழுது. ஜசிந்தா உன் இரண்டு கடிதத்தையும் இன்றைக்குத்தான் வாசித்தா. இரண்டிலும் நீ சுகம் என்ற சொல்லே இல்லை. பேனை சரியில்லையென்றால் வேறு பேனை எடுக்கிறவள் நீ.

வக்கீல் என் வாக்குமூலத்தை எடுத்துப் பார்த்தார். எங்களுக்குப் பகிடியும் விளையாட்டு, பந்தடியும் விளையாட்டு. ஜேர்மன்காரருக்கு இரண்டுக்கும் வேறு வேறு சொல். அந்தப் பிள்ளை பந்தடிக்குரியதை எடுத்துவிட்டது. முந்நூற்று நாலு என்று ஒரு சீட்டு இருப்பதும் அதற்குத் தெரியாது. அதைக் குளிசையின் தொகை ஆக்கிவிட்டது. "விளையாட்டுக்கு" என்கிற சொல்தான் வழக்கை நிமிர்த்தி வைத்திருக்கிறதாம். அது இல்லாவிட்டால் பாதி விழுந்துவிடுமாம். இப்போது போய்ச் சீட்டு என்றால் யாரோ சொல்லித் தந்த கதை என்பார்களாம். "நீங்கள் வாயே திறந்திருக்கக்கூடாது" என்றார் வக்கீல். உன் தாளையும் கொடுத்தேன். வாங்கி வைத்தார்.

நான் பெயர் சொன்ன எல்லாருக்கும் கடிதம் போயிருக்கிறது. கோயிலில் என்னைக் கண்டால் திரும்பி நிற்கிறார்கள். ஒருவரும் எழுதி வைக்காததை நான் ஒருவன் மனதில் வைத்திருந்தேன், அவ்வளவுதான் நான் செய்தது.

இன்னொன்று. வழக்கு முடியுமட்டும் பாஸ்போட் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எத்தனை மாதம் என்று அந்தக் கந்தோர்ப் பெண்ணுக்கும் தெரியாது. எப்படியும் வருவேன். ஆனால் எப்போது என்று இந்தமுறை எழுதமாட்டேன்.

உன் அண்ணன்
சிவகுருநாதன்
(எழுதிய கை: ஜசிந்தா)


எடிசன்
08.08.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் பிள்ளையும் சுகம். பாருங்கோ, எழுதிவிட்டேன்.

கிறிஸ்ரியன் தம்பியின் கதையைக் கேட்டுக் கவலைப்பட்டேன். முந்நூற்று நாலை வாசித்தபோது யதுசாவுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது. நீங்கள் அவரிடம் போய் ஒரு ஆட்டம் தோற்றுவிட்டு வாருங்கோ.

பாஸ்போட்டை நினைத்து நீங்கள் ஓடித்திரிய வேண்டாம். வருவதென்றால் வரும். நீங்கள் சொன்னதில் எனக்குக் கோபம் என்று ஒருநாளும் எண்ணவேண்டாம், அண்ணை. முன்பு சொன்னதிலும் இல்லை, இந்த வருடம் சொன்னதிலும் இல்லை. உங்களுக்கு உங்கள் நியாயம் இருக்கும்.

மாடிப்படியில் கம்பியைப் பிடித்து இறங்குங்கோ.

உங்கள் தங்கை
பவளம்


எடிசன்
29.09.2024

மாமாவுக்கு,

நான் யதுசா. என் தமிழ் அம்மா பழக்கினது, பிழைகள் இருக்கும்.

அம்மா செப்டெம்பர் 21ஆம் திகதி காலையில் இறந்துவிட்டா. உடம்பு வருத்தத்தைப் பற்றி அம்மா உங்களுக்கு ஜனவரியிலேயே எழுதினபடியால் நான் திரும்ப எழுதவில்லை. கடைசிக் கிழமை கதைக்க முடியவில்லை. நோவு இருந்தது. பிறகு இல்லை.

ஒன்று கேட்கவேண்டும். கேட்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அம்மா ஜனவரியில் ஒரு தடித்த கோட் வாங்கினா, மண்ணிறம். சூட்கேசையும் அடுக்கி வைத்தா. உங்கள் பதில் வந்த அன்றைக்கு அதை எனக்கு வாசித்துக் காட்டினா. வேண்டாம் என்று இருந்தது. அம்மா அழவில்லை. கோட்டில் இருந்த விலைத்துண்டை வெட்டாமல் அலமாரியில் கொழுவிவிட்டு, "அண்ணை அப்பிடித்தான்" என்றா. மே மாதம் வரைக்கும் அலமாரியைத் திறந்து திறந்து பார்த்தா.

அம்மா கேட்டது பெரிய விஷயம் இல்லையே. ஏன் மாமா வேண்டாம் என்றீர்கள்?

யதுசா


டோர்ட்மண்ட்
13.10.2024

அன்புள்ள மருமகள் யதுசாவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா, பிள்ளை? உனக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

ஜசிந்தா உன் கடிதத்தை வாசித்து முடித்தபிறகு நான் இன்னொருமுறை வாசிக்கச் சொல்லவில்லை. நான் ஒரு கடிதத்தை ஒருமுறை கேட்டால் போதும். இதையும் அப்படித்தான் கேட்டுவிட்டேன்.

நான் பொய் சொன்னேன். தை மாதப் பொதி என் வீட்டுக்கு வரவேயில்லை. அது சுங்கத்தில் நிற்கிறது என்று ஒரு தாள்தான் வந்தது. உன் அம்மா கவலைப்படுவா என்று, கிடைத்தது, உடையாமல் வந்தது என்று எழுதுவித்தேன். ஜசிந்தா அப்போதே முகத்தைப் பார்த்தா. அதற்கு முதல் கார்த்திகைக் கடிதத்தில் அம்மா, "குளிசை ஒத்துவருகுதா, இன்னும் அனுப்பட்டுமா?" என்று கேட்டிருந்தா. அதற்குத்தான் வேண்டாம் என்றேன். குளிசை வேண்டாம் என்றேன். அதுதான் நான் சொன்னது.

வருத்தம் என்று அம்மா எனக்கு எழுதவில்லை, பிள்ளை. அவ எழுதின ஒவ்வொரு கடிதமும் மனதில் இருக்கிறது. கேள், முதலாவதிலிருந்து சொல்கிறேன். ஒன்றிலும் வருத்தம் இல்லை. ஒன்றிலும் கோட் இல்லை.

என்ன கோட்? எனக்கு எழுது. அம்மா என்னிடம் என்ன கேட்டவ?

உன் மாமா
சிவகுருநாதன்
(எழுதிய கை: ஜசிந்தா)


டோர்ட்மண்ட்
16.02.2025

அன்புள்ள யதுசாவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுதாதது சரி. சுகமாய் இரு.

வழக்கை நிறுத்திவிட்டார்கள். முந்நூற்று நாலு ஒரு சீட்டாட்டம் என்று வேறொரு மொழிபெயர்ப்பாளர், எங்கடை ஆள், எழுதிக் கொடுத்தாராம். விளையாட்டு என்ற சொல் விழுந்தது, மற்றது சின்னப் பிழை, கிழவன், போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். கிறிஸ்ரியனுக்கும் அப்படியொரு கடிதம் வந்தது. மைதானத்துத் திறப்பு இப்போது வேறொருவரிடம். திருப்பித் தருகிறோம் என்று கேட்டார்களாம், இவன் வேண்டாமென்றான். என்னோடு படியில் கண்டால், "சுகமோ அண்ணை" என்கிறான். நிற்பதில்லை.

பாஸ்போட் கந்தோரிலிருந்தும் தாள் வந்திருக்கிறது. விண்ணப்பத்தைத் திரும்பவும் பார்க்கத் தொடங்கிவிட்டோம், பங்குனி ஆறாம் திகதி வாருங்கள் என்று. ஜசிந்தா அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறா. நான் போகமாட்டேன்.

குளிசைகளை அழித்துவிட்டார்கள். கடிதப் பெட்டி போன வெள்ளிக்கிழமை வந்தது. ஒவ்வொன்றிலும் மூலையில் இலக்கம் குத்தியிருக்கிறது. ஜசிந்தாவை எண்ணச் சொன்னேன். நாற்பத்திரண்டு என்றா. "நாப்பத்தொண்டு, பிள்ளை. திரும்ப எண்ணு" என்றேன். திரும்பவும் நாற்பத்திரண்டு. "உனக்கு எண்ணத் தெரியாது" என்று ஏசினேன். எழுபத்தெட்டு வயதில் எனக்குக் கணக்குப் பிழைத்தது அன்றைக்குத்தான் என்று நினைத்தேன். எனக்குப் பிழைக்கவில்லை.

கூடின அந்த ஒரு கடிதம், சுங்கத்தில் நின்ற தைப் பொதிக்குள் போத்தல்களுக்கு இடையில் இருந்ததாம். பின்னால் ஜேர்மன் மொழிபெயர்ப்பும் குத்தியிருந்தது, பதினொரு வரி, போன வருடம் சித்திரை மாதத் திகதியோடு. சித்திரையிலேயே அந்தக் கந்தோரில் யாரோ அதை வாசித்திருக்கிறார்கள். குளிசையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லாததால் ஒரு பக்கம் வைத்திருப்பார்கள்.

உனக்குரியது அது. மூலத்தையே இத்துடன் அனுப்புகிறேன், எனக்குத் தாள் தேவையில்லை. அதற்கு அடியில் இன்னொரு தாள் இருக்கும். அதில் ஒரேயொரு எழுத்து. ஜசிந்தா முன்னால் எழுதிக் காட்ட, மூன்று நாள் எழுதினேன். வால் கீழே போய்விட்டது, ஆனால் வாசிக்கலாம் என்கிறா. அதை அந்தக் கோட்டின் பைக்குள் வைத்துவிடு.

மாமா


எடிசன்
09.01.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகமில்லை. பிள்ளை சுகம்.

இதைப் பொதிக்குள் வைக்கிறேன், தபாலில் போட்டால் யதுசா கண்டு எனக்கு முதல் அழுவாள். இதை வாசிக்கிற ஜசிந்தாவிடம் சொல்லுங்கோ, மெதுவாய், உங்கள் நல்ல காதுப் பக்கம் இருந்து வாசிக்கட்டும்.

சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதிலே வந்தது இப்போது வேறு இடத்துக்கும் போய்விட்டது. இந்த வருடக் கடைசியைப் பற்றி வைத்தியர் கதைப்பதில்லை. மே மாதம் வரைக்கும் பிளேன் ஏறலாம் என்றார். எனக்கு அமெரிக்கப் பாஸ்போட் இருக்கிறது, ஒருவரிடமும் விசா கேட்கத் தேவையில்லை. இத்தனை வருடம் வராமல் இருந்தது அதனால் இல்லை என்று உங்களுக்கும் தெரியும்.

உங்கள் பாஸ்போட் வருமட்டும் என்னால் நிற்க ஏலாது, அண்ணை. நான் வரட்டோ? மூன்று மாடியும் இருந்து இருந்து ஏறுவேன். ஒரு கிழமை போதும். நீங்கள் கிறிஸ்ரியன் தம்பியோடு சீட்டு விளையாடுங்கோ, நான் பக்கத்தில் சும்மா இருந்து பார்க்கிறேன்.

கூப்பிடாமல் படி மிதிக்கக்கூடாது என்றீர்கள், மிதிக்கவில்லை. இப்போதும் கூப்பிட்டால்தான் வருவேன். பெரிய கடிதம் எழுதவேண்டாம். "வா" என்று போடுங்கோ. அது ஒரே எழுத்துத்தானே. ஜசிந்தா எழுதிக் காட்டினால் நீங்களே பார்த்து எழுதலாம். உங்கள் கையால் எழுதின ஒன்றும் என்னிடம் இல்லை.

வேண்டாம் என்றால் அதை ஜசிந்தாவே எழுதட்டும். எழுத்தைப் பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிடும். பிறகு நான் கேட்கமாட்டேன்.

உங்கள் தங்கை
பவளம்